அழிக்க மறந்த நிழல்

"...நெழல் மட்டும் கெடக்கு நானா, ஆளக் காணல்ல. ஆள எங்க வெச்சீங்க?"

அதற்கு முன்னால் அந்த அக்கா என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்குக் கேட்கவில்லை. பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. புத்தளம் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் என் ஸ்டூடியோவில் பிரிண்டர் ஓடும்போது யாராவது ஏசினாலும் எனக்குச் சிரித்த முகம்தான். எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்; திரும்பிப் பார்த்தேன். தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டியபடி நின்றார்.

அவர் வந்தது வேறு வேலைக்கு. கற்பிட்டிப் பக்கத்துக் கரையூர் ஒன்றிலிருந்து வந்திருந்தார். அடுத்த கிழமை கத்தோலிக்க வேதக்காரர்களுக்கு ஆத்துமாக்கள் திருநாள். சவக்காலையில் விளக்கு வைக்கும் நாள். அதற்குள் கணவரின் குழிக்கு ஒரு கல் வைத்துவிட நினைத்திருந்தார். கல்லில் பதிப்பதற்காகக் கணவரின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துத் தரச் சொன்னார். கல்லில் வெட்ட வேண்டிய எழுத்தையும் ஒரு பள்ளிக் கொப்பித் தாளில் எழுதிக் கொண்டுவந்து, "பிழை இருந்தாச் சொல்லுங்க நானா, கல்லுல வெட்டினாப் பிறகு அழிக்க ஏலாது" என்று மேசையில் வைத்தார். முதல் வரியில் பெயர். இரண்டாம் வரியில், 'கடலுக்குப் போய்க் கரைக்கு வந்தவர்.'

அந்த இரண்டாம் வரி உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் நான் முன்பு ஒருநாள் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். அந்தக் கரையில், கடலில் தவறிப்போனவரைச் செத்தார் என்று சொல்ல மாட்டார்கள். 'வரல்ல' என்பார்கள். இருபது வருடமானாலும் 'வரல்ல'தான். உடல் ஒதுங்கினால் மட்டும் 'கரைக்கு வந்துட்டார்' என்பார்கள். இது தெரியாமல், "மச்சான் கரைக்கு வந்துட்டார் நானா" என்று சொன்ன ஒரு மனுசனிடம், "அல்ஹம்துலில்லாஹ், நல்ல செய்தி!" என்று கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அக்காவின் கணவர் அப்படித்தான் கரைக்கு வந்தவர். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசிய ஒரு மாதத்தில், ஒரே போட்டில் இரண்டு பேர் போனார்கள்: அவருடைய கணவரும் கணவரின் கூட்டாளியும். இரண்டாம் நாள் போட் கவிழ்ந்தபடி மிதந்தது. பன்னிரண்டாம் நாள் தெற்கே, சிலாபத்துப் பக்கம் ஒரு உடல் ஒதுங்கியது. முகம் பார்க்கிற நிலையில் இல்லை. செய்தி இந்தக் கரைக்கு வந்துசேர்வதற்குள் அங்கேயே அடக்கிவிட்டார்கள். எடுத்து வைத்திருந்த சேர்ட்டை மட்டும் அக்காவுக்குக் காட்டினார்கள். செம்மஞ்சள் நிறச் சேர்ட். கொலர் கிழிந்த இடத்தில் கறுப்பு நூலால் தைத்திருந்தது. அந்தத் தையல் அக்காவுடையது. "என்டதுதான்" என்றார். குழியும் கணவருடையதாயிற்று. கூட்டாளி 'வரல்ல'.

"பிறகென்ன அக்கா சந்தேகம்?" என்று கேட்டேன். போனை நீட்டுகிற கையைப் பார்த்தாலே இது சும்மா கேட்கிற கேள்வியில்லை என்று விளங்கியது.

"உடம்பத் தூக்கின ஆள் ஒருத்தன் போன மாசம் சந்தையில கண்டு சொன்னான். 'கட்டையான ஆள், தூக்க லேசா இருந்திச்சு' எண்டு. நானா, எங்கட வீட்டு நிலையில தல முட்டாத நாள் இல்ல அவருக்கு. கூட்டாளிதான் கட்டை." போனை மற்றக் கைக்கு மாற்றினார். "அவர் கடலுக்குப் போன அண்டைக்கு நான் வீட்டில இல்ல. தங்கச்சிக்குப் புள்ள பொறந்திருந்திச்சு, சிலாபத்தில நிண்டன். என்ன போட்டுக்கிட்டுப் போனவரெண்டு பாக்கல்ல. பாத்த ஒருத்தரும் இல்ல. இந்தப் படம் அண்டைக்கு எடுத்ததாம், மருமகள்தான் தேடிக் காட்டினாள். நீங்கதான் எடுத்தீங்களாம். அவருக்குச் சேர்ட் இருந்துதா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. கல்லுல பேர் வெட்டுறத்துக்கு முன்ன எனக்குத் தெரியோணும்."

போனில் இருந்தது நான் எடுத்த உருண்டைப் படம். ஒரு விடுதிக்காரர் தன் பேஸ்புக் பக்கத்தில் போட்டிருந்தார். போனைத் திருப்பினால் கடற்கரையும் திரும்பும். மேலே தூக்கினால் வானம், கீழே சாய்த்தால் மணல். அக்கா அதை ஒரு இடத்தில் நிறுத்திப் பிடித்திருந்தார். ஈர மணலில் கடலை நோக்கி நீண்டு கிடந்தது ஒரு நிழல். ஒரு கை இடுப்பில். தோளில் ஏதோ ஒரு புடைப்பு. காலடியில் நிழல் தொடங்குகிற இடத்தில் கால் இல்லை. வெறும் மணல்.

பேய் கண்டதுபோல் இருந்தது என்று எழுத வரவில்லை. ஏனென்றால் அந்தப் பேயை அழித்தவனே நான்தான்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்து சில வருடங்களில் எங்கள் கரைக்குக் காற்றைத் தேடி வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குகிறவர்கள். மணல் திட்டிகளில் விடுதிகள் முளைத்தன. அவர்கள் எல்லோருக்கும் உருண்டைப் படம் வேண்டியிருந்தது. நான் யாரிடமும் படித்ததில்லை. போனில் வீடியோ பார்த்து, மொழி விளங்காத இடத்தில் அவர்களுடைய கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கமராவைப் பூட்டும் தலையை லேத் பட்டறையில் அலுமினியத் துண்டில் செய்வித்தேன். "ஒரு மயிரிழை தள்ளினாலும் படம் ஒட்டாது" என்று நான் சொல்லப்போக, பட்டறைக்காரர், "அப்ப மயிரக் கொண்டாங்க, அளந்து தாரேன்" என்றார். மூன்று தரம் அறுத்துத்தான் சரி வந்தது.

வேலை இதுதான். மீன்கண் லென்ஸை முக்காலியில் பூட்டி, ஒரு சுற்றில் ஆறு படம், வானத்துக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று, மொத்தம் எட்டு. அந்த லென்ஸ் பாதி உலகத்தை ஒரே பார்வையில் பார்ப்பதால், எடுக்கிறவனும் கமராவோடு சேர்ந்து முதுகுப் பக்கமாகவே சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் தன் வயிறே படத்தில் வரும். பிறகு கணினியில் எட்டையும் ஓரத்தோடு ஓரம் ஒட்டினால் உருண்டை. பார்க்கிறவருக்கு அது ஒரு கணம். எனக்குத் தெரியும், அது எட்டுக் கணம். ஒரு படத்துக்கும் மறு படத்துக்கும் இடையில் யாராவது நகர்ந்தால் ஒட்டுகிற இடத்தில் அரை மனிதராக, இரட்டை மனிதராக வருவார். அதற்கு எங்கள் தொழிலில் பெயரே பேய்தான். நான் முதன்முதலில் ஒட்டியது புத்தளம் வீதியில். வீதியைக் கடந்த கழுதை ஒன்று இரண்டு தலையும் ஏழு காலுமாக வந்தது. ஊரே என் கடைக்கு வந்து பார்த்துச் சிரித்தது. அன்றிலிருந்து பேயை அழிக்கப் பழகினேன். பக்கத்து மணலை எடுத்து மேலே பூசுவது. பழகப் பழகக் கை நன்றாகிவிட்டது. என் மனைவி ஒருநாள் படங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்கட படத்துல ஒலகம் உருண்டையாத்தான் ஈக்கிது, ஒரு மனுசனையும் காணல்லயே" என்றாள். விடுதிக்காரர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள் என்றேன். உண்மைதான், அப்படித்தான் கேட்டார்கள். வெறுங்கரை வேண்டும்.

அக்கா நீட்டிய படம் எடுத்த காலை எனக்கு ஞாபகமிருந்தது. ஞாபகமிருந்தது சத்தம் மட்டும்தான். வெயில் தென்னைகளுக்குப் பின்னாலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. நான் முக்காலியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது உயரமான ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன நானா, என்னத்தத் தொலைச்சீங்க? சுத்திச் சுத்தித் தேடுறீங்க?"

"ஒண்டுமில்ல அண்ணன், படம் எடுக்கிறன். இது மீன்கண் லென்ஸ்."

நகரத்தில் இதைச் சொன்னால் 'ஓ' என்பார்கள். கரையில் சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

"எந்த மீனுட கண்?"

"மீன்ட கண்ணுதான், எனக்கெங்க தெரியும்?"

"நானா மீனத் திண்டதோட சரி, மூஞ்சியப் பாத்ததில்ல போல." குனிந்து லென்ஸைப் பார்த்தார். போட்டின் பக்கம் திரும்பிக் கத்தினார். "டேய், இஞ்ச வா! பேத்தையனுட கண்ணக் கொண்டுவந்து கம்பில குத்தி வெச்சிருக்கார்!"

"கிட்டப் போகாத, ஊதிரும்!" என்று போட்டடியிலிருந்து ஒரு குரல் வந்தது. பேத்தையன் என்பது கோபம் வந்தால் பந்துபோல் ஊதுகிற மீன்.

நானும் சிரித்தேன். ஆனால் கை கமராவில் இருந்தது. "அண்ணன், கொஞ்சம் அங்கால போங்க. நிண்டாப் படத்துல பேயா வந்துருவீங்க."

"பேயா? உசிரோட இருக்கக்கயேவா?" அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். போகும்போது, "சரி, பேய்க்கும் படத்துல ஒரு கொப்பி போட்டு வைங்க நானா" என்றார்.

போட்டு வைக்கிறேன் என்றுதான் சொன்னேன். அந்த வாரமே கடையில் இருந்து, அவரையும் போட்டடியில் தெரிந்தவர்களையும் மணலால் மூடினேன். இரண்டு பேர் வரவில்லை என்ற செய்தி பிறகு என் காதுக்கும் வந்தது. எந்தக் கரையில் இல்லை இந்தச் செய்தி? அதையும் அந்தச் சிரிப்பையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒட்டுவதுதான் என் தொழில். இதை மட்டும் ஒட்டாமல் விட்டிருக்கிறேன்.

"அக்கா, எனக்குச் சேர்ட் ஞாபகமில்ல" என்றேன். "என்ட கண் கமராட நீர்மட்டக் குழாயில இருந்திச்சு." படம் எடுக்கிறவன் எல்லாவற்றையும் பார்க்கிறான் என்று சனம் நினைக்கிறது. அவன் பார்ப்பது ஒரு சிறிய கண்ணாடிக் குழாய்க்குள் நடுவில் நிற்க வேண்டிய ஒரு குமிழியை மட்டும்.

"அழிச்சதெல்லாம் போயிட்டுதா?"

அங்கேதான் எனக்கு ஒரு வழி இருந்தது. போயிட்டுது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். கல்லில் பெயர் வெட்டியிருப்பார்கள், திருநாளுக்கு விளக்கு வைத்திருப்பார், சந்தையில் யாரோ சொன்ன கதை மெல்ல மெல்ல மங்கியிருக்கும். ஆனால் நான் எதையும் வீசுகிறவன் இல்லை. ஒட்டிய படத்தில்தான் மணல் பூசியிருந்தேன். ஒட்டுவதற்கு முந்திய எட்டும் அலுமாரியில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே கிடந்தன. என் கண் அலுமாரிப் பக்கம் போனதை அக்கா கண்டுவிட்டார்.

"இரிங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

டிஸ்க்கைக் கணினியில் பூட்டி, அந்தக் காலையின் படங்கள் கிடந்த பெட்டியைத் திறந்தேன். எட்டுச் சின்னப் படங்கள் வரிசையாக வந்தன. நகத்தளவுதான். ஆனால் நான்காவதில் ஒரு செம்மஞ்சள் பொட்டு. அதைக் கண்டதும் எனக்கு நெஞ்சு லேசாயிற்று. சேர்ட் இருக்கிறது, அப்படியானால் குழியில் இருப்பவர் இவருடையவர்தான். அக்காவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். என் கதிரையின் முதுகைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் தளர்ந்தன.

முதலாவதைத் திறந்தேன். தென்னையும் விடுதியும். இரண்டாவதில் மணலும் கயிறும். மூன்றாவதில் அவர் நின்றார்.

மீன்கண்ணின் ஓரத்தில் வருகிறவரை அது இழுத்து நீட்டிவிடும். உயரமானவர் இன்னும் உயரமாக, வளைந்து, படத்தின் விளிம்பிலிருந்து உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல் நின்றார். ஒரு கை இடுப்பில். வாய் திறந்து சிரிக்கிறார். 'உசிரோட இருக்கக்கயேவா' என்று கேட்டது அந்தக் கணமாகத்தான் இருக்க வேண்டும். உடம்பில் சேர்ட் இல்லை. தோளில் மடித்துப் போட்டிருந்தார். செம்மஞ்சள்.

"இந்தா இருக்காரே" என்றார் அக்கா. என்னிடம் சொல்லவில்லை. தேடிக்கொண்டிருந்த ஒருவரைப் பக்கத்து வீட்டில் கண்டதுபோல் சொன்னார். "தோளில போட்டா இறங்கக்க உடம்பில மாட்டுவார். அவர் அப்பிடித்தான். கடலில இறங்கக்கதான் மாட்டுவார்."

நான்காவதைத் திறக்காமல் விட்டிருக்கலாம் என்று இப்போது எழுதும்போதும் தோன்றுகிறது. மூன்றாவதிலேயே அவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டதே. ஆனால் என் கை, பழக்கத்தில், அடுத்ததைத் திறந்துவிட்டது.

நான்காவதில் போட். போட்டடியில் உயரமானவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். வெறும் முதுகு. தோளில் ஒன்றுமில்லை. அவருக்கு எதிரே கட்டையான ஒருவர் இரண்டு கையையும் மேலே தூக்கியிருக்கிறார். தலை தெரியவில்லை. தலை செம்மஞ்சள் சேர்ட்டுக்குள் பாதி நுழைந்திருக்கிறது.

இரண்டு படத்துக்கும் இடையில் இருபது செக்கன் இருக்கும். கமராவை ஒரு கிளிக் திருப்பி, நான் ஒரு அடி பின்னால் நகர்ந்து, குமிழியைப் பார்த்து, மறுபடி அழுத்திய நேரம். அந்த நேரத்துக்குள் ஒரு சேர்ட் தோள் மாறியிருக்கிறது. ஒட்டிய உருண்டையில் அது எப்படியும் தெரிந்திருக்காது. அதில் எல்லாமே ஒரே கணம்.

பிரிண்டர் எப்போது நின்றதென்று தெரியவில்லை. பஸ் நிலையத்தில் நடத்துநர் 'சிலாபம், சிலாபம்' என்று கூவுவது மட்டும் கேட்டது.

"பெருசாக்குங்க."

பெரிதாக்கினேன். அக்கா திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார். கொலரில் கறுப்பு நூல்கூடத் தெரிந்தது.

"அவனுக்கு எப்பவும் குளிர்" என்றார். "இவர்ட்ட ஒரு சாமான் தங்காது. கேட்டாப் போதும், கழட்டிக் குடுத்துருவார். இந்தச் சேர்ட்டுக்கு மட்டும் சொல்லி வெச்சனான், நூல் போட்டுத் தைச்சிருக்கன், ஆருக்கும் குடுக்க வேணாமெண்டு." சிரித்தார். சிரிப்பு பாதியில் எங்கோ போய்விட்டது. "இவ்வளவு நாளும் அவனுக்கா விளக்கு வெச்சன்."

"அப்ப கூட்டாளிட பொஞ்சாதிக்கு..." என்று தொடங்கினேன்.

"அவ பாத்தாளா இத?"

"இல்ல. உங்களுக்குத்தான் முதல்."

"அவட ஆள் இந்தியாவில ஜெயிலில எண்டு நம்பிக்கிட்டு இருக்கா. மாசா மாசம் ஒவ்வொரு இடத்துக்கா எழுதுறா. எனக்கு அவளக் கண்டாச் சரிவராது, தெரியுமோ. 'உங்கட ஆள் கரைக்கு வந்துட்டார் அக்கா, என்ட ஆள் உசிரோட வருவார்' எண்டு மூஞ்சிக்கு நேர சொன்னவள்."

"அக்கா, சொல்லத்தானே வேணும்?"

"சொல்லுவன்." திரையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "இண்டைக்கில்ல நானா. திருநாள் முடியட்டும். குழியில கெடக்கிறவருக்கும் ஆராவது ஒருத்தர் போகத்தானே வேணும். அவ இப்ப போக மாட்டா."

அவருடைய கணவருக்கு யார், எங்கே போவது என்று நான் கேட்கவில்லை. இனி அவரும் 'வரல்ல'தான். கல் இல்லாத, திசை இல்லாத 'வரல்ல'.

மூன்றாவது படத்தைப் பிரிண்டருக்கு அனுப்பினேன். காகிதம் வெளியே வந்துகொண்டிருக்கும்போது அவருடைய கணவர் 'பேய்க்கு' என்று கேட்ட படக் கொப்பியைப் பற்றிச் சொன்னேன். பேத்தையன் கதையையும் சொன்னேன். அக்கா தாளின் சூடு ஆறும்வரை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "பேத்தையன் எண்டா சொன்னவர்? அது பேத்தையன் இல்ல நானா. இமைக்காது பாருங்க, சுறாட கண்" என்றார். பிறகு படத்தைப் பையில் வைத்தார். அடையாள அட்டையிலிருந்து நான் பெருப்பித்து வைத்திருந்த முகத்தையும் எடுத்து, அதோடு முகத்துக்கு முகம் வைத்து மூடினார்.

இதற்குப் பிறகும் நான் உருண்டைப் படம் எடுக்கிறேன். பிள்ளைகளுக்குச் சோறு போடுவது அதுதான். ஒட்டி முடித்ததும் போனில் போட்டு, கடையின் நடுவில் நின்று, ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பேன். முன்பு பேய் இருக்கிறதா என்று பார்த்தேன். இப்போது நிழலைப் பார்க்கிறேன். ஒவ்வொரு நிழலுக்கும் ஆள் இருக்கிறாரா என்று எண்ணுவேன். சில நாட்களில் என்னை அறியாமலே அந்தப் பழைய படத்தைத் திறந்துவிடுவேன். நிழலையும் அழித்துவிடச் சொல்லி விடுதிக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு அக்கா போவதற்குத் திரும்பியவர், மேசையில் கிடந்த கொப்பித் தாளைக் கண்டு நின்றார். சிலாபத்தில் கல் வெட்டுகிறவரிடம் கொண்டுபோக வேண்டிய தாள்.

"பேனை ஒண்டு தாங்க நானா."

கொடுத்தேன். தாளைக் கண்ணாடி மேசையில் நீவி விரித்தார். முதல் வரியில் இருந்த பெயரை ஒரே கோடாக வெட்டினார். இரண்டாம் வரியைத் தொடவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு, தாளை நாலாக மடித்துக் கையில் பொத்திக்கொண்டு, வீதியைக் கடந்து, எதிர்க்கடையில் ஒரு பக்கெட் மெழுகுதிரி வாங்கி, சிலாபம் பஸ்ஸில் ஏறினார்.